மாணவர் காசில் அச்சாகும் பத்திரிகை

மேற்கு சிட்னியின் கிரவீனில் இருக்கிற எங்களுக்குப் பக்கத்து ஊர் வென்ட்வர்த்வில் என்றால் மரக்கறிக் கடையும் சனிக்கிழமைச் சன நெரிசலும்தான் நினைவுக்கு வரும். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு பத்திரிகைக் கதை இருக்கிறது. அந்த இடம் ஒரு காலத்தில் டார்சி வென்ட்வர்த் என்பவரின் காணி. அவருடைய மகன் வில்லியம் சார்ள்ஸ் வென்ட்வர்த், ரொபர்ட் வார்டெல் என்ற வழக்கறிஞருடன் சேர்ந்து 1824 ஒக்ரோபரில் 'தி ஒஸ்ட்ரேலியன்' என்று ஒரு பத்திரிகை தொடங்கினார். இப்போது அதே பெயரில் வரும் நாளிதழுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதுவரை சிட்னியில் பத்திரிகை என்றால் 1803இல் இருந்து வந்துகொண்டிருந்த, அரசாங்கம் பார்த்து அனுமதித்த 'சிட்னி கசெற்' மட்டும்தான். இவர்கள் இருவரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அச்சடித்தார்கள், விற்றார்கள். ஆளுநர் பிரிஸ்பேன் தடுக்கவும் இல்லை.

அதே வென்ட்வர்த்தான் பிற்காலத்தில் சட்டசபையில் நின்று சிட்னிக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று வாதாடினார். 1850இல் சிட்னிப் பல்கலைக்கழகம் உருவானது. வயது போகப் போக அவர் மாறிவிட்டார். இந்த நாட்டுக்குப் பரம்பரைப் பிரபுக்கள் சபை வேண்டும் என்று கேட்கும் அளவுக்குப் போனார். ஆனாலும் அனுமதி கேட்காமல் அச்சடித்த அந்த முதல் துணிச்சலை யாரும் மறுக்க முடியாது. இன்று சிட்னிப் பல்கலைக்கழகத்தின் மாணவர் பத்திரிகை நடக்கும் இடமும் சிட்டி ரோட்டில், வென்ட்வர்த் என்ற பெயர் கொண்ட கட்டிடம்தான்.

அந்தப் பத்திரிகையின் பெயர் ஹோனி சுவா. இங்கிலாந்து அரச குடும்பத்தின் கார்ட்டர் விருதுக்குரிய பிரெஞ்சு வாசகத்தின் முதல் இரண்டு சொற்கள் அவை. மாணவர்கள் 'ஹோனி' என்றுதான் சொல்கிறார்கள். 1929இல், மாணவர் பிரதிநிதிகள் சபை தொடங்கிய அதே வருடத்தில், தொடங்கியது. அன்றைய சிட்னிப் பத்திரிகைகள் பல்கலைக்கழக மாணவர்களைத் தறுதலைகள் என்ற மாதிரி எழுதிக்கொண்டிருந்தன. பதில் சொல்ல மாணவர்களுக்கு ஒரு இடம் தேவைப்பட்டது. இன்று அவுஸ்திரேலியாவில் பாடங்கள் நடக்கும் காலத்தில் கிழமைக்குக் கிழமை அச்சில் வரும் மாணவர் பத்திரிகை இது ஒன்றுதான்.

எனக்கு இந்தப் பத்திரிகை பற்றி விளக்கமாகச் சொன்னது என் அண்ணரின் மகள். எங்கள் வழக்கில் பெறாமகள். துங்காபியில் ரயில் ஏறி ரெட்ஃபெர்னில் இறங்கிக் கம்பஸுக்கு நடந்து போகிறவள். முதல் வருடமே ஹோனியில் எழுதத் தொடங்கினாள். வீட்டில் சின்னப் பிரச்சினை வந்தது. "படிக்கப் போன பிள்ளை பேப்பர் எழுதுது" என்று அண்ணிக்குக் கவலை. அண்ணர் என்னைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னார். பேசப் போன நான் அவளிடம் கேள்வி கேட்கத் தொடங்கி, இரவு சாப்பாட்டு நேரம் வரை கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"சித்தப்பா, இதுக்கு எடிட்டர் ஆர் எண்டு நினைக்கிறீங்கள்? கம்பஸ் நிர்வாகம் போடுற ஆள் இல்லை. நாங்கள் வோட்டுப் போட்டுத்தான் தெரிவு செய்யிறம்."

இந்த இடத்தில்தான் எனக்கு ஆர்வம் பிடித்தது. ஒவ்வொரு வருடமும் இரண்டாம் செமஸ்டரில் மாணவர் சபைத் தேர்தல் நடக்கும்போது, ஹோனியின் ஆசிரியர் குழுவுக்கும் தேர்தல் நடக்கிறது. தனி ஆளாக நிற்பதில்லை. பத்துப் பேர் வரை ஒரு அணியாகச் சேர்ந்து, அணிக்கு ஒரு பெயர் வைத்து, ஒரு நிறத்தில் ரீஷேர்ட் போட்டு, ஈஸ்டர்ன் அவெனியுவில் நின்று போகிற வருகிறவர்களிடம் வாக்குக் கேட்பார்கள். எந்தச் செய்திகளைத் துருவுவோம், கலை விமர்சனத்துக்கு எவ்வளவு இடம் தருவோம், வெளிநாட்டு மாணவர்களை எப்படி எழுத வைப்போம் என்று கொள்கை அறிக்கை வெளியிடுவார்கள். வெல்கிற அணி அடுத்த வருடம் முழுவதும் பத்திரிகையை நடத்தும். எதிரணி இல்லாமல் போட்டியின்றி வந்த அணிகளும் உண்டு. வருட முடிவில் எல்லோரும் இறங்க வேண்டியதுதான். நல்ல ஆசிரியர், இன்னும் இரண்டு வருடம் இருக்கட்டும் என்ற பேச்சே கிடையாது.

இதில் ஒரு பலவீனம் இருக்கிறது. ஒரு குழு வேலை பழகி முடிக்கிற நேரம் வீட்டுக்குப் போய்விடுகிறது. அடுத்த குழு முதலில் இருந்து தொடங்க வேண்டும். ஒரு விவகாரத்தை மூன்று வருடம் விடாமல் துரத்துவது இந்த அமைப்பில் கஷ்டம். ஆனால் ஒரு நாற்காலியில் ஒருவர் இருபது வருடம் ஒட்டிக்கொண்டு இருக்கவும் இதில் வழியில்லை. எங்கள் சங்கங்களையும் சங்கப் பத்திரிகைகளையும் பார்த்து வளர்ந்த எனக்கு இது பெரிய விஷயமாகத் தெரிந்தது.

ஆசிரியர்களுக்குக் கீழே நிருபர்கள் என்று ஒரு பட்டியல் இருக்கும். விண்ணப்பித்துச் சேரலாம். பட்டியலில் இல்லாத மாணவரும் தனக்குத் தோன்றிய கட்டுரை யோசனையை அனுப்பலாம். ஆசிரியர் ஒருவர் அதை எடுத்து, எழுதுகிறவருடன் உட்கார்ந்து, இந்தத் தகவலை யார் சொன்னார், எதிர்த்தரப்பிடம் கேட்டாயா, அவர்கள் பதில் சொல்ல நேரம் கொடுத்தாயா என்று ஒவ்வொரு வரியாகக் கேட்பார். கணினியில் பக்கம் அமைப்பதும் மாணவர்கள்தான். விடிய விடிய இருந்து பக்கங்களை முடித்து அச்சகத்துக்கு அனுப்புவார்கள். பிறகு கட்டுக் கட்டாக வரும் பிரதிகளைக் கம்பஸ் முழுக்க உள்ள தட்டுகளில் வைப்பார்கள். இலவசம். ஆசிரியர்களுக்கு ஒரு சிறு உதவித்தொகை கிடைக்கிறது. அவர்கள் போடும் மணித்தியாலங்களுக்கு அது எந்த மூலைக்கும் காணாது.

அப்படியானால் யார் வேண்டுமானாலும் எதையும் எழுதலாமா? இல்லை. பத்திரிகையின் சட்டப்படியான வெளியீட்டாளர் மாணவர் சபை. அந்தச் சபை மாணவர் வெளியீடுகளுக்கென்று சில இயக்குநர்களைத் தெரிவு செய்கிறது. அச்சுக்குப் போகுமுன் கடைசிப் பக்கங்களை அவர்கள் வாசித்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். இனவெறி, பெண் வெறுப்பு போன்றவை இருக்கின்றனவா என்று குறிப்பாகப் பார்க்க வேண்டும். இந்த விதியை இதழிலேயே அச்சடித்து வைத்திருக்கிறார்கள். அவதூறு வழக்கு வந்தால் அடி விழுவது சபையின் தலையில் என்பதால் சட்டச் சிக்கலையும் பார்க்கிறார்கள். இவர்களும் மாணவர்கள்தான். துணைவேந்தருக்கோ பேராசிரியர்களுக்கோ இந்தப் பக்கங்களை முன்கூட்டிப் பார்க்கும் உரிமை கிடையாது.

இந்த ஏற்பாடு எப்போதும் சுமுகமாகப் போவதில்லை. 2013 ஓகஸ்டில் ஹோனி 18 பெண்களின் அந்தரங்க உறுப்புப் படங்களை அட்டையில் போட்டது. பெண் உடல் பற்றிய வெட்கத்தை உடைப்பது அவர்கள் நோக்கம். சட்டப் பயத்தில் மாணவர் சபைத் தரப்பு கறுப்புப் பட்டை போட்டு மறைக்கச் சொன்னது. அச்சில் பட்டை ஊடாக எல்லாம் தெரிந்தது. பிரதிகள் தட்டுகளில் இருந்து அகற்றப்பட்டன. எங்கள் ஆட்கள் பலருக்கு இந்த அட்டை பிடிக்காது. எனக்கும் அதை வரவேற்பறை மேசையில் வைக்க மனம் வராது. ஆனாலும் அதைப் போட்டவர்களும் தடுத்தவர்களும் பிறகு மாதக்கணக்காக வாதாடியவர்களும் இருபது வயதுச் சுற்றில் இருந்தவர்கள் என்பதை யோசிக்கிறேன். சுதந்திரம் எங்கே முடிகிறது என்பதை அவர்கள் பாடப் புத்தகத்தில் படிக்கவில்லை. தாங்களே முடிவெடுத்து, அதன் விலையையும் கொடுத்துப் பார்த்தார்கள்.

விலை சில நேரம் சிறை வரை போயிருக்கிறது. ஹோனியின் ஆசிரியராக இருந்த ரிச்சர்ட் வோல்ஷும், நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் மாணவர் பத்திரிகை தருங்காவை நடத்திய ரிச்சர்ட் நெவிலும், ஓவியர் மார்ட்டின் ஷார்ப்பும் சேர்ந்து 1963 ஏப்ரல் 1 அன்று 'ஓஸ்' என்ற நையாண்டி இதழைக் கொண்டுவந்தார்கள். அடுத்த வருடமே ஆபாச வழக்கு. சிட்னி நீதவான் மூவருக்கும் சிறைத்தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில்தான் அது நீங்கியது.

தருங்கா 1953இல் தொடங்கிய பத்திரிகை. 1970இல் அதன் ஆசிரியர் குழுவில் இருந்த வெண்டி பேக்கன் அன்றைய தணிக்கைச் சட்டத்தை நேரடியாக எதிர்த்தார். வெளியிடக் கூடாது என்று இருந்தவற்றை வேண்டுமென்றே வெளியிட்டார்கள். வழக்குகள் குவிந்தன. 1971இல் அவர் சில நாட்கள் சிறையில் இருந்தார். பிறகு சட்டம் படித்துத் தகுதி பெற்றபோதும், 1981இல் நியூ சவுத் வேல்ஸ் நீதிமன்றம் அவரை வழக்கறிஞராக ஏற்க மறுத்தது. அவர் துவண்டு போகவில்லை. இந்த மாநிலத்தின் பொலிஸ் ஊழல்களைத் தோண்டிய புலனாய்வுப் பத்திரிகையாளர்களில் ஒருவரானார். பின்னர் சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இதழியல் பேராசிரியராக இருந்தார்.

மெல்பேர்ணில் ஃபராகோ 1925இல் தொடங்கியது. முதல் ஆசிரியர் பிரையன் ஃபிட்ஸ்பற்றிக், பின்னாளில் பெயர் பெற்ற வரலாற்றாசிரியர். நாவலாசிரியர் கிறிஸ்டோஸ் சியோல்காசும் 1987இல் அதன் ஆசிரியர்களில் ஒருவர். ஆனால் மெல்பேர்ண் கதைகளில் எனக்கு முக்கியமாகப் படுவது லட்ரோப் பல்கலைக்கழகத்து ரபலே. 1995இல் அவர்கள் கடையில் திருடுவது எப்படி என்று ஒரு கட்டுரை போட்டார்கள். வறுமையையும் சொத்துடைமையையும் பற்றிய அரசியல் கட்டுரை என்பது அவர்கள் வாதம். தணிக்கை அலுவலகம் அந்த இதழைத் தடை செய்தது. நான்கு ஆசிரியர்கள் மீது குற்றவியல் வழக்கு. உடனே வேறு ஏழு மாணவர் பத்திரிகைகள் அதே கட்டுரையைத் தங்கள் பக்கங்களில் மறுபடி அச்சடித்தன. தடையை எதிர்த்து ஆசிரியர்கள் போட்ட வழக்கு ஃபெடரல் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. உயர் நீதிமன்றமும் கேட்க மறுத்தது. கடைசியில் 1999இல் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. அந்தக் கட்டுரை நல்ல கட்டுரை என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் ஊர்ச் சின்னக் கடைக்காரர்களை நினைத்தால் எனக்குக் கோபம்கூட வருகிறது. ஆனால் நான்கு மாணவர்களைச் சிறைக்கு அனுப்பும் அளவுக்கு ஒரு கட்டுரையைக் குற்றமாக்கியது அதைவிடப் பெரிய பிழை.

எங்கள் ஆட்களுக்கும் இந்த வரலாற்றில் பங்குண்டு. 1954இல் சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தின் சோஷலிசக் கழக மாணவர்கள் 'ஃபஜார்' என்ற இதழ் நடத்தினார்கள். ஆசியாவில் மேற்கு நாடுகளின் இராணுவக் கூட்டணிகளைத் தாக்கி ஒரு தலையங்கம் எழுதினார்கள். பிரிட்டிஷ் அரசு எட்டு மாணவர்களைத் தேசத்துரோக வழக்கில் பிடித்தது. அந்த எட்டுப் பேரில் அருட்சோதி என்ற தமிழ் மாணவர் இருந்தார். தமிழ்த் தகப்பனுக்குப் பிறந்து பின்னாளில் சிங்கப்பூரின் பெரும் கவிஞரான எட்வின் தம்பூவும் இருந்தார். லண்டனில் இருந்து வந்து வாதாடியவர் டி. என். பிரிட், அவருக்குத் துணையாக நின்ற இளம் வழக்கறிஞர் லீ குவான் யூ. மாணவர்கள் விடுதலையானார்கள்.

இலங்கையில் எங்களுக்கு இருந்தது வேறு மரபு. பேராதனைத் தமிழ்ச் சங்கத்தின் 'இளங்கதிர்' போன்ற இதழ்கள் எத்தனையோ எழுத்தாளர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் முதல் மேடையாக இருந்தன. பேராதனையில் படித்து வெளியே வந்த க. கைலாசபதி தினகரன் ஆசிரியரானார். 1974இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவரும் ஆனார். சிட்னியிலும் 1990களில் சிட்னிப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தார் 'கலப்பை' என்ற தமிழ் இதழை நடத்தினார்கள். இவற்றை நான் மதிக்கிறேன். ஆனால் எங்கள் கல்லூரிகளிலும் கம்பஸ்களிலும் பெரும்பாலும் வந்தது ஆண்டு மலர். முதல் பக்கங்களில் ஆசிச் செய்திகள், பொறுப்பாசிரியர் பார்த்துத் திருத்திய கவிதைகள், நன்றியுரை. துணைவேந்தரின் ஆசிச் செய்தியை முதல் பக்கத்தில் போடுகிற இதழ் அவருடைய சம்பளம் எவ்வளவு என்று மூன்றாம் பக்கத்தில் எழுத முடியாது. சிட்னித் துணைவேந்தருக்குப் பத்து லட்சம் டொலருக்கு மேல் சம்பளம். அதே பல்கலைக்கழகத்தில் மணித்தியாலக் கூலிக்கு வகுப்பெடுக்கும் விரிவுரையாளர்களுக்குக் குறைத்துக் கொடுத்த சம்பள நிலுவை விவகாரம் வந்தபோது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேள்வி கேட்க ஹோனியால் முடிகிறது. யாரிடமும் ஆசி வாங்காததால் முடிகிறது.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் இந்தச் சுதந்திரத்தின் உயிர் இருக்கிறது. முன்பு எல்லா மாணவரும் மாணவர் சங்கக் கட்டணம் கட்டாயமாகக் கட்டினார்கள். பத்திரிகைச் செலவு அதில் இருந்து போனது. ஜோன் ஹவார்ட் அரசு 2005 டிசம்பரில் அந்தக் கட்டாயக் கட்டணத்தை ஒழிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 2006 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. மாணவர் சங்கங்களின் வருமானம் ஒரேயடியாக விழுந்தது. விரும்பினால் கட்டலாம் என்றால் யார் கட்டுவார்கள்? நாடு முழுக்க மாணவர் சேவைகள் சுருங்கின. பத்திரிகைகள் பக்கம் குறைத்தன, இதழ் எண்ணிக்கையைக் குறைத்தன, பல்கலைக்கழக நிர்வாகத்தின் கையை எதிர்பார்த்து நின்றன. நிர்வாகம் காசு கொடுக்கும் பத்திரிகை நிர்வாகத்தைக் கேள்வி கேட்க எவ்வளவு தயங்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

2012இல் இருந்து மாணவர் சேவைக் கட்டணம் வேறு வடிவத்தில் திரும்பி வந்தது. அப்போது உச்ச வரம்பு வருடத்துக்கு 263 டொலர். 2025இல் 365 டொலர். கட்டணத்தைப் பல்கலைக்கழகம் வாங்குகிறது. எதற்குச் செலவழிக்கலாம் என்று சட்டத்திலேயே ஒரு பட்டியல் இருக்கிறது. உணவு, விளையாட்டு, சட்ட உதவி, குழந்தை பராமரிப்பு என்று போகும் அந்தப் பட்டியலில், மாணவர்களே எழுதும் ஊடகங்களைத் தயாரித்து மாணவர்களுக்குக் கொடுப்பதும் ஒன்று. அரசியல் கட்சிக்கோ தேர்தல் பிரசாரத்துக்கோ கொடுக்கக் கூடாது. 2025இல் இருந்து இந்தப் பணத்தில் குறைந்தது 40 சதவீதம் மாணவர்களே நடத்தும் அமைப்புகளுக்குப் போக வேண்டும் என்றும் சட்டம் வந்திருக்கிறது. இருபது வருட இழுபறிக்குப் பிறகு கிடைத்த நல்ல திருத்தம் இது.

எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இந்தக் கட்டணத்தைக் கட்டுகிறார்கள். பலர் கடனாகப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். கட்டுகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பத்திரிகையைக் கையில் எடுக்கிறார்கள் என்று நான் கேட்டபோது பெறாமகள் சிரித்தாள். "எங்கட ஆக்கள் லைப்ரரிக்குப் போற வழியில தட்டைத் தாண்டிப் போயிடுவினம், சித்தப்பா."

ஹோனி ஒரு பக்கச் சாய்வு உள்ள பத்திரிகை என்ற குறை நெடுநாளாக உண்டு. உண்மைதான், பெரும்பாலான வருடங்களில் இடதுசாரிகள்தான் வெல்கிறார்கள். சில கட்டுரைகளில் கோபம் இருக்கும் அளவுக்கு விபரம் இருக்காது. அதற்கும் மருந்து அந்த அமைப்புக்குள்ளேயே இருக்கிறது: வேறு கருத்துள்ளவர்கள் பத்துப் பேரைச் சேர்த்துத் தேர்தலில் நிற்கலாம். 1979இல் அந்த மாணவர் சபைக்கே தலைவராக இருந்தவர் ரொனி அபொட், பின்னாளில் வலதுசாரிப் பிரதமர். பெண்கள், இனவெறிக்கு எதிரான குழுவினர், பூர்வகுடி மாணவர்கள் ஆகியோர் வருடத்தில் தலா ஒரு இதழை முழுக்கத் தாங்களே ஆசிரியர்களாக இருந்து கொண்டுவரும் வழக்கமும் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு எழுத இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

பெறாமகளின் முதல் கட்டுரை மேற்கு சிட்னியில் இருந்து தினமும் கம்பஸுக்கு வந்து போகும் மாணவர்கள் பற்றியது. காலை எட்டு மணி வகுப்புக்கு எத்தனை மணிக்கு எழும்ப வேண்டும், மாலைக் கூட்டங்களுக்கு ஏன் இருக்க முடிவதில்லை, நகரத்துக்குள் வாடகைக்கு இருக்கிறவர்கள் கையில் மாணவர் அமைப்புகள் ஏன் இருக்கின்றன என்று எழுதினாள். பிளக்டவுன் பக்கமிருந்து வருகிறவர்கள், லிவர்பூலில் இருந்து வருகிறவர்கள் என்று பலரிடம் பேசினாள். ஆசிரியர் அதை நாலு தரம் திருப்பி அனுப்பித் திருத்தச் சொன்னாராம். கடைசியில் அச்சில் வந்ததை அண்ணி வாசித்தார். வாசித்துவிட்டு, "இது நான் ஒருநாளும் யோசிக்காத விஷயம்" என்றார். அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சு எழவில்லை.

கிரவீனிலும் துங்காபியிலும் பென்டில் ஹில்லிலும் பிள்ளைகளைச் செலக்டிவ் பாடசாலைக்கும் ரியூசனுக்கும் கூட்டிக்கொண்டு ஓடும் பெற்றோருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். பிள்ளை பல்கலைக்கழகம் போனதும் பேப்பரில் எழுதப் போகிறேன் என்று சொன்னால் தடுக்காதீர்கள். ஆதாரம் தேடவும், பெரிய பதவியில் இருப்பவரிடம் மரியாதையாகக் கேள்வி கேட்கவும், பிழை விட்டால் அடுத்த இதழில் திருத்தம் போடவும் வேறெங்கும் இவ்வளவு நேரடியாகப் பழக முடியாது. மருத்துவராகப் போகும் பிள்ளைக்கும் பொறியியலாளராகப் போகும் பிள்ளைக்கும் அது தேவை.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் சிட்னியில் படித்தால் ஹோனி, நியூ சவுத் வேல்ஸில் தருங்கா, மக்குவாரியில் கிரேப்ஷொட், தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வேர்ட்டிகோ. இந்தக் கிழமையே ஒரு பிரதியை எடுத்தோ இணையத்தில் திறந்தோ வாசியுங்கள். மனதில் ஒரு விஷயம் இருந்தால் இரண்டு பந்தியில் எழுதி ஆசிரியர்களுக்கு அனுப்புங்கள். ஹோனியின் பழைய இதழ்கள் பலவற்றைச் சிட்னிப் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. 1965இல் சார்ள்ஸ் பேர்கின்ஸ் தலைமையில் மாணவர்கள் பஸ் ஏறி வோல்கெற்றுக்கும் மோரீக்கும் போய்ப் பூர்வகுடி மக்களுக்கு நடந்த அநியாயத்தை வெளிக்கொண்டு வந்த நாட்களின் இதழ்களில் இருந்து தொடங்குங்கள். தேர்தல் வரும்போது ஆசிரியர் அணிகளின் அறிக்கைகளை வாசித்துப் பார்த்து மறக்காமல் வாக்குப் போடுங்கள். கட்டணம் உங்கள் காசு, பத்திரிகையும் உங்களுடையது.